வாடகைக்கு விட வீடு வாங்குபவர் யாரை நம்பலாம்? தரகர் முதல் குடியிருப்பவர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வாடகைக்கு விடுவதற்கென்று முதன்முதலாக ஒரு வீட்டை வாங்கியபோது, கட்டடத்தைச் சோதிக்க ஆள் தேடும் வேலையைத் தரகரிடமே விட்டுவிட்டேன். அவர் அழைத்து வந்தவர் இருபது நிமிடம் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டினார், ஜன்னல்களைத் திறந்து மூடினார், "கவலையே வேண்டாம், உறுதியான வீடு" என்றார். நானும் கையெழுத்துப் போட்டேன். முதல் பெருமழையில் படுக்கையறைக் கூரையில் தாம்பாளம் அளவுக்கு ஒரு பழுப்புக் கறை இறங்கியது. சுரண்டிப் பார்த்தால், புது வண்ணப் பூச்சுக்குக் கீழே அதே இடத்தில் பழைய கறை.

அந்த மனிதர் என்னை ஏமாற்ற நினைத்தார் என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு அடுத்த வேலை தரப்போவது நானில்லை, தரகர்தான். விற்பனையைக் கெடுத்தால் அந்த வேலை வராது. அதன் பிறகு யார் என்ன சொன்னாலும் எனக்குள் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: இப்படிச் சொல்வதால் இவருக்கு என்ன கிடைக்கிறது, எப்போது கிடைக்கிறது? கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தவை.

படி 1: யார் தேவை, எந்த வரிசையில்

பெரும்பாலோர் முதலில் தரகரைப் பிடிக்கிறார்கள். அவர் வீட்டைக் காட்டுகிறார், மனம் அதில் ஒட்டிக்கொள்கிறது, அதன் பிறகே வழக்கறிஞரையும் கட்டடச் சோதனையாளரையும் அவசரமாகத் தேடுகிறார்கள். அந்த அவசரத்தில் தரகர் நீட்டும் தொலைபேசி எண்தான் கைக்கு வரும். எனவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள். வீடு தேடத் தொடங்கும் முன்பே வழக்கறிஞர், கட்டடச் சோதனையாளர், கணக்காளர் ஆகிய மூவரையும் பார்த்துப் பேசி வைத்துவிடுங்கள். கணக்காளர் முன்கூட்டியே எதற்கு என்றால், சொத்தை யார் பெயரில் வாங்குவது என்பது வரியைப் பாதிக்கும் முடிவு. பதிவான பிறகு அதை மாற்றச் செலவாகும்.

ஆட்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் நேரம் மிச்சம். சிலருடைய தவறைத் திருத்த முடியாது: பத்திரத்தைச் சரிபார்ப்பவர், அடித்தளத்தைப் பார்ப்பவர். சிலருடைய தவறை மறுபடி செய்து சரிக்கட்டலாம்: வண்ணம் பூசுபவர், துப்புரவு செய்பவர். முதல் வகைக்கு ஒரு வாரம் அலைந்தாலும் தகும். இரண்டாம் வகைக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

படி 2: தரகர்

விற்பனை முடிந்தால்தான் தரகருக்குக் கூலி. அதில் குற்றமில்லை, அது அவர் தொழில். நீங்கள் அதை நினைவில் வைத்துக்கொண்டு பேசினால் போதும். முதல் சந்திப்பிலேயே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். உங்களுக்குப் பணம் தருவது நானா, விற்பவரா, இருவருமா? இந்தப் பகுதியில் இதே அளவு வீடு கடைசியாக என்ன வாடகைக்குப் போனது? சமீபத்தில் யாரிடமாவது "இந்த வீட்டை வாங்காதீர்கள்" என்று சொல்லியிருக்கிறீர்களா, ஏன்?

மூன்றாவது கேள்விக்கு உடனே ஒரு வீட்டையும் ஒரு காரணத்தையும் சொல்பவரோடு நான் தொடர்ந்து பேசுவேன். "எல்லாமே நல்ல வீடுகள்தான்" என்பவரிடம் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். அவர் சொன்ன வாடகைத் தொகையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே தெருவில் வாடகைக்கு விடப்படும் வீடுகளை நீங்களே விசாரியுங்கள். விளம்பரத்தில் கேட்கும் தொகை வேறு, கடைசியில் பேசி முடித்த தொகை வேறு.

படி 3: வழக்கறிஞரும் கணக்காளரும்

வழக்கறிஞர் தொழில் செய்ய உரிமை பெற்றவர்தானா என்று அவரது தொழில் அமைப்பின் பதிவேட்டில் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. விற்பவருக்கோ கடன் தரும் வங்கிக்கோ இதே விற்பனையில் அவர் வேலை செய்யக் கூடாது. வாடகை ஒப்பந்தம் எழுதத் தெரிந்த வழக்கறிஞர்கள் நிறைய உண்டு. குடியிருப்பவரை வெளியேற்றும் வழக்கை நடத்திப் பார்த்தவர்கள் குறைவு. அப்படி நடத்தியவர் எழுதும் ஒப்பந்தம் வேறு மாதிரி இருக்கும், ஏனென்றால் எந்த வரி நீதிமன்றத்தில் நிற்காது என்று அவருக்குத் தெரியும்.

கணக்காளரைச் சோதிக்க ஒரு எளிய கேள்வி போதும்: "சமையலறையைச் சரிசெய்தால் அந்தச் செலவை இந்த ஆண்டுக் கணக்கிலேயே கழிக்கலாமா?" பெரும்பாலான வரிச் சட்டங்களில் பழுதுபார்ப்பதற்கு ஒரு விதி, மேம்படுத்துவதற்கு வேறு விதி. நல்ல கணக்காளர் பதில் சொல்லும் முன் உங்களைத் திருப்பிக் கேட்பார்: உடைந்ததைச் சரிசெய்கிறீர்களா, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறீர்களா?

படி 4: கட்டடச் சோதனையாளர்

இவரை நீங்களே தேர்ந்தெடுங்கள். முன்பு எழுதிய அறிக்கை ஒன்றை, பெயர் விவரங்களை மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். "குளியலறை: திருப்திகரம்" என்று வரிக்கு வரி இருந்தால் அது அறிக்கையே இல்லை. எந்த இடம், என்ன குறை, எவ்வளவு அவசரம் என்பதோடு படமும் இருக்க வேண்டும். சோதனை நடக்கும்போது நீங்களும் கூடவே போங்கள். தான் கண்டுபிடிக்கும் பழுதைத் தானே சரிசெய்து தருவதாகச் சொல்பவர் வேண்டாம். அவருக்குப் பழுது அதிகமாகத் தெரிவதில் லாபம் இருக்கிறது.

இரண்டாவது வீட்டுக்கு நான் அழைத்துப் போனவர் வயதானவர், அதிகம் பேசாதவர். ஜன்னல்களைச் சாத்தச் சொல்லிவிட்டு, டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். நேராகப் பார்த்தால் பளிங்கு போல இருந்த சுவரில் மேடும் பள்ளமும் நிழலாக எழுந்தன. ஒரு மூலையில் மட்டும் பூச்சு வேறு விதமாக இருந்தது. "இங்கே யாரோ சமீபத்தில் எதையோ மூடியிருக்கிறார்கள்" என்றார். ஈரமானியை வைத்தார், அளவு ஏறியது. பிறகு வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லித் தண்ணீர் மீட்டரைத் திறந்தார். அதன் முகப்பில் இருந்த சின்னச் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எந்தக் குழாயும் திறந்திராத வீட்டில் தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருந்தது. அந்த மூலையில் இருந்த ஓதத்துக்கு அதுதான் காரணம். வீட்டை வாங்கினேன், பழுதுக்கான தொகையை விலையில் குறைத்துக்கொண்டு.

படி 5: பிளம்பர், எலக்ட்ரீஷியன், கொத்தனார்

இவர்கள் விஷயத்தில் என் விதி ஒன்றே ஒன்று: பெரிய வேலையை முதல் வேலையாகக் கொடுக்காதீர்கள். குளியலறையை மாற்றிக் கட்ட வேண்டும் என்றால், அதற்கு முன் ஒழுகும் குழாய் ஒன்றைச் சரிசெய்யக் கூப்பிடுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்தாரா, வர முடியாதபோது தகவல் சொன்னாரா, கழற்றிய பழைய பாகத்தைக் காட்டினாரா, வேலை செய்த இடத்தைத் துடைத்தாரா என்று பாருங்கள். பெரிய வேலையிலும் அவர் இப்படித்தான் நடந்துகொள்வார்.

பெரிய வேலைக்கு மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்குங்கள். அதற்கு முன் என்னென்ன வேலை, எந்தத் தரப் பொருள், இடிபாடுகளை அகற்றுவது யார், உரிமம் எடுப்பது யார் என்று ஒரே தாளில் எழுதி மூவருக்கும் அதையே கொடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கான மூன்று விலைகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒருவருடைய தொகை மற்ற இருவரையும்விட மிகவும் குறைவாக இருந்தால் எந்த வரி விடுபட்டிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் தண்ணீர் கசியாமல் தடுக்கும் பூச்சுதான் காணாமல் போயிருக்கும், ஏனென்றால் ஓடு பதித்த பிறகு அது கண்ணுக்குத் தெரியாது.

மலிவானவரையே எப்போதும் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு கேடும் உண்டு. 1970இல் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஏகெர்லாஃப் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒன்றை விளக்கினார். நல்ல காரையும் மோசமான காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால் அவர் நடுத்தர விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல காரின் சொந்தக்காரர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் மோசமான கார்களே மிஞ்சும். 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். அவர் சொன்னது கொத்தனாருக்கும் பொருந்தும். வேலையின் தரத்தைப் பார்க்கத் தெரியாமல் விலையை மட்டும் பார்க்கும் வீட்டுக்காரரிடம் நல்ல கொத்தனார் இரண்டாம் முறை வருவதில்லை. பேசிய பணத்தைப் பேசிய நாளிலேயே தந்து பாருங்கள், மழைநாள் இரவில் கூப்பிட்டாலும் வருவார்.

பணத்தை வேலையின் கட்டங்களுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்பவருக்கு விடை கொடுத்துவிடுங்கள். கடைசிப் பத்தில் ஒரு பங்கை, குறைகளைப் பட்டியலிட்டு அவை சரியான பிறகு தருவதாக எழுத்தில் வையுங்கள். சுவருக்குள் போகும் குழாயையும் கம்பியையும் பூசி மூடும் முன் படம் எடுத்துவிடுங்கள். ஐந்து ஆண்டு கழித்து ஆணி அடிக்கும்போது அந்தப் படத்தின் அருமை தெரியும். தொழில் உரிமம், விபத்துக் காப்பீடு ஆகியவற்றின் நகலைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

முன்பு வேலை செய்து கொடுத்த வீடுகளின் தொடர்பு கேட்டால், போன மாதம் முடித்த வீட்டைத்தான் தருவார். இரண்டு ஆண்டுக்கு முன் முடித்ததைக் கேளுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் "நல்லவரா?" என்று கேட்டால் "நல்லவர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "ஏதாவது கெட்டுப்போனதா, அப்போது திரும்ப வந்தாரா?" என்று கேளுங்கள்.

படி 6: வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம்

வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருப்பவர்களுக்கு இது தேவைப்படும். கட்டணம் எதன் மீது கணக்கிடப்படுகிறது என்பதை முதலில் பாருங்கள். வசூலான வாடகையில் சதவீதம் என்றால் வாடகை வந்தால்தான் அவர்களுக்கும் வருமானம். ஒப்பந்த வாடகையில் சதவீதம் என்றால் வாடகை நிலுவையில் இருந்தாலும் கட்டணம் ஓடும். பழுதுபார்க்கும் ஆளின் ரசீது மீது தங்கள் பங்கைச் சேர்க்கிறார்களா, உங்களைக் கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்யலாம், உங்கள் வாடகைப் பணம் அவர்கள் சொந்தக் கணக்கில் கலக்கிறதா, விலகிக்கொள்ள எத்தனை நாள் அறிவிப்பு? நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

படி 7: குடியிருக்க வருபவர்

விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் நிபந்தனைகளைத் தாளில் எழுதிவிடுங்கள்: வருமானம் எவ்வளவு, எத்தனை பேர், எந்தத் தேதி, என்ன ஆவணங்கள். வருகிற எல்லோருக்கும் அதே தாள்தான். இதில் நியாயமும் இருக்கிறது, பாதுகாப்பும் இருக்கிறது. இனம், மதம், ஊனம் போன்ற காரணங்களுக்காக வீடு மறுப்பதை அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு நியாய வீட்டுவசதிச் சட்டமும் பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டமும் தடுக்கின்றன. இத்தகைய சட்டம் வேறு பல நாடுகளிலும் உண்டு. "நம்மவர்களுக்குத்தான் கொடுப்பேன்" என்று சொல்லும் வீட்டுக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நம்மவர் என்பதாலேயே எதையும் சரிபார்க்காமல் சாவியைக் கொடுத்து, பிறகு உறவு கெட்டுவிடுமே என்று வாடகையும் கேட்க முடியாமல் தவித்தவர்களும் அவர்களே.

பிறகு தொலைபேசியில் ஐந்து நிமிடப் பேச்சு. எப்போது குடிவர வேண்டும், ஏன் இப்போதிருக்கும் வீட்டை விடுகிறீர்கள், யார் யார் இருப்பீர்கள். வீடு பார்க்க வருவதற்கு முன்பே பாதிப் பேர் இதில் தாமாகவே விலகிவிடுவார்கள்.

வருமானத்தைப் பொறுத்தவரை, வாடகை மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பல நாடுகளில் புழங்கும் பொதுவான கணக்கு. சட்டமல்ல, கைக்கணக்குதான். சம்பளச் சீட்டைத் திருத்துவது இப்போது மிக எளிது, எனவே சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்ததையும் சேர்த்துப் பாருங்கள். வேலை பார்க்கும் நிறுவனத்தை அழைக்கும்போது விண்ணப்பத்தில் அவர் எழுதிய எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். நிறுவனத்தின் பொது எண்ணை நீங்களே தேடி எடுங்கள். விண்ணப்பத்தில் உள்ள எண்ணை எடுத்துப் பேசுபவர் அவருடைய மைத்துனராகவும் இருக்கலாம். இத்தகைய விசாரணைகளுக்கும் கடன் வரலாற்றைப் பார்ப்பதற்கும் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

முந்தைய வீட்டுக்காரரிடம் பேசுவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஆனால் எந்த வீட்டுக்காரர்? இப்போது அவர் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்கு, தொல்லை தருபவர் வெளியேறினால் போதும் என்றிருக்கும். உங்களிடம் புகழ்ந்து தள்ளுவார். அதற்கு முந்தைய வீட்டின் சொந்தக்காரருக்கு உங்களிடம் பொய் சொல்வதால் எந்த லாபமும் இல்லை. அவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் உண்மையிலேயே சொந்தக்காரர்தானா என்று தெரிந்துகொள்ள நான் ஒரு சின்னத் தவறைப் பேச்சில் கலப்பதுண்டு. விண்ணப்பத்தில் இரண்டு ஆண்டு என்று இருந்தால், "நான்கு ஆண்டு இருந்தாராமே?" என்று கேட்பேன். சொந்தக்காரர் உடனே திருத்துவார். நண்பர் "ஆமாம் ஆமாம்" என்பார். கடைசியாக ஒரே கேள்வி: "மறுபடி அவருக்கே வீட்டைக் கொடுப்பீர்களா?" பதிலுக்கு முன்னால் எவ்வளவு நேரம் மௌனம் என்பதையும் கவனியுங்கள்.

சில அறிகுறிகளுக்கு நான் தயங்குவேன். வீட்டைப் பார்க்காமலேயே சரி என்பவர், இன்றிரவே சாவி வேண்டும் என்பவர், விசாரணை எதுவும் வேண்டாம், ஆறு மாத வாடகையை ரொக்கமாகத் தருகிறேன் என்பவர். மற்றபடி ஆவணம் குறைவாக இருப்பதே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடாது. புதிதாக நாட்டுக்கு வந்தவருக்குக் கடன் வரலாறு இருக்காது, சொந்தத் தொழில் செய்பவருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது, முதல் வேலையில் சேர்ந்த இளைஞருக்கு முந்தைய வீட்டுக்காரரே இருக்க மாட்டார். பொறுப்பேற்பவர் ஒருவரின் கையெழுத்து, வரிக் கணக்கு, ஓராண்டு வங்கி வரவு என்று மாற்று வழிகளை அந்தத் தாளிலேயே எழுதி வைத்துவிட்டால் நல்லவர்களை இழக்க மாட்டீர்கள்.

வீடு காலியாகக் கிடக்கிறதே என்ற பதற்றத்தில்தான் தவறான ஆள் உள்ளே வருகிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதம் காலியாக இருந்தால் இழப்பு ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 8.3 சதவீதம். வாடகையை 5 சதவீதம் குறைத்து, உடனே நல்லவர் வந்தால் அதைவிட இழப்பு குறைவு. வாடகை தராதவரைச் சட்டப்படி வெளியேற்ற மாதக்கணக்கில் ஆகலாம், அந்த மாதங்கள் முழுவதும் வருமானம் இல்லை, கூடவே வழக்குச் செலவு. எனவே பொறுக்க வேண்டிய நேரத்தில் பொறுங்கள், வாடகையைக் குறைக்க வேண்டுமானால் குறையுங்கள், விசாரணையை மட்டும் குறைக்காதீர்கள்.

படி 8: ஒப்பந்தமும் முன்பணமும்

இந்த இடத்தில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. ஜெர்மனியில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது, அதையும் மூன்று தவணையாகத் தரும் உரிமை குடிவருபவருக்கு உண்டு. இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைதான் உச்சம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சேதத்துக்கென்று முன்பணம் வாங்கவே கூடாது, கடைசி மாத வாடகையை மட்டும் முன்கூட்டிப் பெறலாம். இந்தியாவின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் என்று வரையறுக்கிறது, ஆனால் மாநிலங்கள் சட்டமாக ஏற்றால்தான் அது செல்லும். பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்டுத் தொகையை முடிவுசெய்யாதீர்கள், வழக்கறிஞரைக் கேளுங்கள்.

சாவியைக் கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து அறை அறையாக நடந்து, இருக்கும் கீறல், கறை, உடைசல் எல்லாவற்றையும் எழுதிப் படம் எடுத்துக் கையெழுத்திடுங்கள். தண்ணீர், மின்சார மீட்டர் அளவுகளும் சாவிகளின் எண்ணிக்கையும் அதில் இருக்கட்டும். அலமாரிகளுக்குள்ளும் படம் எடுங்கள், பெரும்பாலோர் இதை மறந்துவிடுகிறார்கள். வண்ணம் மங்குவதும் தரை தேய்வதும் புழக்கத்தில் வருபவை, அவற்றுக்காக முன்பணத்தில் கை வைக்காதீர்கள்.

படி 9: வந்தவரைத் தக்கவைப்பது

நீங்கள் அவரைச் சோதித்தது போலவே அவரும் உங்களைச் சோதித்துக்கொண்டிருப்பார். முதல் பழுதைச் சொன்னதும் எத்தனை நாளில் ஆள் வருகிறது என்பதுதான் அந்தச் சோதனை. உடனே வந்தால், அடுத்த முறை சின்னக் கசிவையும் சொல்வார். வராவிட்டால் சொல்வதை நிறுத்திவிடுவார், கசிவு கீழ்த்தளத்துக்கு இறங்கிய பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குள் போகாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை அவருக்கு வசதியான நாளில் போய், குழாய்களை மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள்.

என்றாவது அவர் காலிசெய்வார். சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து யாரோ ஒரு வீட்டுக்காரர் உங்களை அழைத்து, "மறுபடி அவருக்கே கொடுப்பீர்களா?" என்று கேட்பார். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தார், வாடகை எத்தனை முறை தாமதமானது, வீட்டை எந்த நிலையில் விட்டுப்போனார் என்பதை உங்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் உங்கள் மௌனத்தையும் எண்ணிக்கொண்டிருப்பார்.